நெட்வேர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஐபி முகவரியில் திறக்கவில்லை, உதவி தேவை (திருகோணமலை)

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
எல்லோருக்கும் வணக்கம். உட்துறைமுக வீதிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் தேர் என்று எடுத்த படமெல்லாம் ஒரே ஒரு யுஎஸ்பி ஹாட் டிஸ்க்கில் கிடக்கிறது, ஏறத்தாழ 600 ஜிபி. அதை இரண்டு கம்பியூட்டரிலும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக, யுஎஸ்பி டிஸ்க்கை நெட்வேர்க்கில் காட்டும் ஒரு பழைய பெட்டியைக் கொழும்பில் கைமாறி வாங்கினேன். பெட்டியில் ஒரு நெட்வேர்க் போர்ட், இரண்டு யுஎஸ்பி போர்ட். அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.77 என்று இருக்கிறது.

ரவுட்டரில் செருகினால் லைட் எரிகிறது. பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு ‘தளத்தை அடைய முடியவில்லை’ என்கிறது. லப்டொப்பில் நேராகச் செருகினால் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரி வருகிறது. அதை அடித்தாலும் ஒன்றும் இல்லை. பெட்டி பழுதா?

உப்புவெளியான்:
தம்பி, உங்களுடைய ரவுட்டர் சிம் போடுகிற 4ஜி ரவுட்டரா? அதன் முகவரி என்ன?

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
ஓம் அண்ணை, சிம் ரவுட்டர்தான். 192.168.8.1.

உப்புவெளியான்:
சரி, அப்படியென்றால் பெட்டி பழுதில்லை. உங்கள் வீட்டு நெட்வேர்க் 192.168.8 என்ற தெருவில் இருக்கிறது. பெட்டி 192.168.1 என்ற தெருவில் நின்று கூப்பிடுகிறது. மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி தெரு என்று சொல்லும் எண்) 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றையொன்று காணும்.

அந்த 169.254 பெட்டியின் முகவரி இல்லை, உங்கள் லப்டொப்புடையது. முகவரி கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் விண்டோஸ் தானாகவே அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளும்.

முதலில் வைஃபையை நிறுத்துங்கள். பெட்டியை லப்டொப்பில் கேபிளால் நேராகச் செருகுங்கள். நெட்வேர்க் செட்டிங்கில் ஈதர்நெட் எனும் கேபிள் இணைப்பின் ஐபிவி4க்குப் போய்க் கையால் 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள். கேட்வே (வெளி நெட்வேர்க்குக்குப் போகும் வாசல்) வெறுமையாக இருக்கட்டும். பிறகு பிரவுசரில் 192.168.1.77.

மூதூர்_நெட்:
இவ்வளவு மினக்கெட வேண்டுமா? ரவுட்டரின் பின்பக்கம் யுஎஸ்பி போர்ட் இருந்தால் டிஸ்க்கை அதிலேயே செருகலாம். அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுங்கள்.

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
ரவுட்டரில் யுஎஸ்பி இல்லை. காசு கொடுத்து வாங்கிய சாமான், அவ்வளவு கெதியில் போட மனம் வரவில்லை.

அண்ணை சொன்னபடி செய்தேன். ஈதர்நெட்டில் சிவப்புப் பெருக்கல் குறி வந்து வந்து போகிறது.

கிண்ணியா_வயர்மேன்:
தம்பி, கடை கடலுக்குக் கிட்டவா? கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பொன்நிறக் கம்பி பச்சை பூத்திருந்தால் உப்புக் காற்றின் வேலை. எங்கள் பக்கம் பாதிப் பழுது இதுதான். செட்டிங்கில் கை வைக்கும் முன்னர் கேபிளை மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். பெட்டியின் போர்ட்டிலும் எட்டிப் பாருங்கள்.

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
நானா, நீங்கள் சொன்னது சரி, பச்சைதான். வேறு கேபிள் போட்டதும் லைட் நிலையாக நின்றது, பக்கமும் திறந்துவிட்டது! பாஸ்வேர்ட் தாளில் இருந்ததுதான்.

ஐபியை 192.168.8.77 என்று மாற்றிச் சேமித்தேன். அதோடு பக்கம் அப்படியே தொங்கிவிட்டது. 1.77ம் இல்லை, 8.77ம் இல்லை. கெடுத்துவிட்டேனா?

உப்புவெளியான்:
கெடுக்கவில்லை. பெட்டி தெரு மாறிவிட்டது, உங்கள் லப்டொப் பழைய தெருவிலேயே நிற்கிறது. ஐபிவி4ஐத் திரும்பத் தானியங்கிக்கு விடுங்கள். பெட்டியையும் லப்டொப்பையும் ரவுட்டரில் செருகி 192.168.8.77ஐத் திறங்கள்.

ரவுட்டர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் முகவரி கொடுக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 77 அதற்குள் விழுந்தால் ஒரு நாள் வாடிக்கையாளரின் ஃபோனுக்கும் அதே எண் போய் இரண்டும் மல்லுக்கட்டும்.

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
100 முதல் 200 வரை என்று காட்டுகிறது. 77 வெளியேதான். பக்கமும் வந்துவிட்டது, கேட்வேயையும் 192.168.8.1 ஆக்கிவிட்டேன்.

இப்போது டிஸ்க்கைச் செருகினால் ‘ஃபோர்மட் செய்யப்படவில்லை’ என்று காட்டி, கீழே ஃபோர்மட் பொத்தான் இருக்கிறது. அழுத்தவா?

மூதூர்_நெட்:
அழுத்துங்கள், அதோடு சரி.

கிண்ணியா_வயர்மேன்:
அழுத்த வேண்டாம்!! அதில்தானே கலியாணப் படமெல்லாம் இருக்கிறது?

உப்புவெளியான்:
தம்பி, கையை எடுங்கள். உங்கள் டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மட் செய்தது. அந்தக் காலத்துப் பெட்டி பலவற்றுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்3 முறை மட்டும்தான் தெரியும். தனக்கு வாசிக்கத் தெரியாததை ‘ஃபோர்மட் இல்லை’ என்று சொல்கிறது. அழுத்தினால் 600 ஜிபியும் போய்விடும். இன்னொரு வெறும் டிஸ்க் எடுங்கள், 2 டிபிக்கு மேல் வேண்டாம், பழைய பெட்டிக்கு அதற்கு மேல் கணக்குத் தெரியாமல் போகலாம். அதை ஃபோர்மட் செய்துவிட்டுப் படத்தை நெட்வேர்க் வழியாகப் பிரதி எடுங்கள். ஒரே டிஸ்க்கில் ஊருடைய கலியாணம் முழுவதையும் வைத்திருந்ததற்கு நான் நேரில் வந்து ஏசியிருப்பேன்.

மூதூர்_நெட்:
மன்னிக்கவும், வெறும் டிஸ்க் என்று நினைத்துவிட்டேன்.

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
கை நடுங்கிவிட்டது. 1 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி வந்து ஃபோர்மட் செய்தேன், பெட்டி ஏற்றுக்கொண்டது. ஆனால் விண்டோஸ் 10இல் அந்த ஃபோல்டரைத் திறந்தால், இது எஸ்.எம்.பி 1 என்ற பழைய ஃபைல் பகிரும் முறையைக் கேட்கிறது, பாதுகாப்பில்லை என்று மறுக்கிறது.

மூதூர்_நெட்:
இதற்காவது சரியாகச் சொல்கிறேன். 2017 கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸ் 10இல் எஸ்.எம்.பி 1 இருப்பதில்லை, அல்லது கொஞ்ச நாள் பாவிக்காவிட்டால் தானாகவே கழன்றுவிடும். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் டிக் போட்டால் திரும்ப வரும். ஆனால் போட வேண்டாம் என்பேன். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்பியூட்டரைப் பூட்டிக் காசு கேட்ட வன்னாக்ரை வைரஸ் அந்த வழியாகத்தான் பரவியது. அந்த ஓட்டைக்கு இரண்டு மாதம் முன்னரே திருத்தம் வந்தது உண்மை, என்றாலும் பழைய கதவைத் திறந்து வைப்பானேன்? பெட்டியில் எஃப்.டி.பி (ஃபைல் அனுப்பும் வேறொரு முறை) இருக்கிறதா?

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
இருக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறது.

மூதூர்_நெட்:
அதை இயக்குங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஃபைல்ஸில்லா என்ற எஃப்.டி.பி மென்பொருளைப் போட்டு 192.168.8.77க்குப் போங்கள். எஃப்.டி.பியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் போகும், ஆகவே வீட்டு நெட்வேர்க்குக்குள் மட்டும் வையுங்கள். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களுக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் விருந்தினர் வைஃபையைத் தனியாகக் கொடுங்கள்.

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
போய்விட்டது! படங்கள் ஏறுகின்றன. ஆனால் வினாடிக்கு 4 எம்பிதான் காட்டுகிறது. கேபிள் இன்னும் பிழையா?

உப்புவெளியான்:
இல்லை, பெட்டியின் மூளை அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால் 600 ஜிபிக்கு 42 மணித்தியாலம் அளவில் போகும். படத்தை அதிலிருந்தே திறந்து எடிட் செய்ய நினைக்காதீர்கள், பொறுமை போய்விடும். இரண்டாம் பிரதிக்கு மட்டும் வையுங்கள், பழைய டிஸ்க்கில் இப்போதைக்கு ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

கிண்ணியா_வயர்மேன்:
கரண்ட் நின்றால் என்ன செய்வீர்கள்? எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் டிஸ்க்குக்குக் கூடாது. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள்.

ஸ்டூடியோக்காரன்_திருமலை:
மேசைக் கம்பியூட்டரின் யுபிஎஸ்ஸைக் கழற்றி அதற்குப் போட்டுவிட்டேன் நானா. இன்று இரண்டாம் நாள் பின்னேரம், முக்கால்வாசி ஏறிவிட்டது. இப்போது பத்திரகாளி அம்மன் கோயில் தேர்ப் படங்கள் போய்க்கொண்டிருக்கின்றன.