பழைய ரேமை வைத்துக்கொண்டு புதிய கம்ப்யூட்டர்: இந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா?

கணக்கு டீச்சர்:

வணக்கம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கணக்குப் பாடங்களை வீடியோவாக எடுக்கிறேன். போனை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்து, தாளில் எழுதும் கையை மட்டும் படம் பிடிப்பேன். ஒரு பாடம் 20 நிமிடம் வரும். அதை வெட்டி ஒட்டுவதற்குள் ஒரு மாலையே போய்விடுகிறது. பிளே கொடுத்தால் கை நின்று நின்று நகர்கிறது, குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே வெட்டுவது என்றே தெரிவதில்லை.

இப்போது இருப்பது ஐ5-6500 (இன்டெலின் 6-ஆம் தலைமுறைப் பிராசஸர்), டிடிஆர்4 ரேம் இரண்டு (8+8 ஜிபி, 2400 வேகம்), ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு சிறிய எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. 11 இந்தப் பிராசஸருக்கு இல்லை என்கிறார்கள். அதனால் புதிதாக அசெம்பிள் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான், அதனால் பழையதில் ஆனவற்றையெல்லாம் எடுத்துக்கொள்ள நினைக்கிறேன்.

என் பட்டியல் இது. ரைசன் 5 5600 பிராசஸர், செகண்ட் ஹேண்டில் ஒரு பி450 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி. ரேம், கேபினட், கூலர், 350 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) நான்கும் பழையவையே. சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டேன், ஏஎம்4-க்கு ஏஎம்4 சரியாக இருக்கிறது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? விளையாட்டெல்லாம் கிடையாது. பாடம் எடிட் ஆனால் போதும்.

மின்மினி:

டீச்சர், பழைய கூலர் ஏஎம்4 போர்டில் உட்காராது. அது இன்டெல் போர்டின் நான்கு துளைகளுக்குச் செய்தது. 5600 பெட்டியிலேயே கூலர் வரும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் பெட்டி இல்லாமல் தனியாக விற்கும் பிராசஸர் என்றால் கூலர் இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பி450 போர்டு 2018-இல் வந்தது, 5600 வந்ததோ 2022-இல். போர்டில் பழைய பயாஸ் (மெஷினைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்) இருந்தால் அந்தப் பிராசஸரை அதற்கு அடையாளமே தெரியாது. ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே நிற்கும். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பிராசஸர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். அதில் 5600-க்கு நேரே ஒரு பயாஸ் எண் போட்டிருப்பார்கள். விற்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லி, பயாஸ் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முன் பணம் கொடுக்காதீர்கள்.

திருப்புளி:

டீச்சர், உங்கள் பட்டியலில் எதுவும் தப்பான சாக்கெட்டில் இல்லை. ஆனாலும் இதை வாங்காதீர்கள். ஒவ்வொன்றும் மாட்டும், உங்கள் வேலைக்கு மட்டும் சேராது.

முதலில் கை நின்று நின்று நகர்வதன் காரணம். பெரும்பாலும் உங்கள் போன் எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில், அதுவும் எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் அமைப்பு) வைத்து, நிற நுணுக்கம் அதிகமுள்ள 10-பிட்டில் எடுக்கிறது. பிராசஸருக்குள் இருக்கும் வீடியோப் பகுதிதான் அந்தச் சுருக்கிய கோப்பை விரித்துக் காட்ட வேண்டும். 6-ஆம் தலைமுறை இன்டெலில் அந்தப் பகுதி எச்.265-இன் 8-பிட்டை மட்டும்தான் முழுதாகக் கையாளும். 10-பிட் 7-ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் மொத்தச் சுமையும் நான்கு கோர்களின் தலையில் விழுகிறது. போன் கேமரா அமைப்பில் எச்டிஆரை அணைத்துவிட்டு ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். செலவில்லாத வேலை, இன்றைக்கே செய்யலாம்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதனால்தான் தனிக் கார்டு சேர்த்திருக்கிறீர்கள், சரி. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் வீடியோவை எச்.264, எச்.265 ஆகச் சுருக்கி எழுதும் வன்பொருளே இல்லை. எடிட் முடிந்து ஏற்றுமதி கொடுக்கும்போது கார்டு சும்மா நிற்கும், பிராசஸர்தான் மூச்சு வாங்கும். இன்னொன்று, அந்தக் கார்டு பிசிஐஇ 4.0-இல் (கார்டும் போர்டும் தரவு பரிமாறும் இணைப்பு) நான்கு பாதைகளை மட்டும் பயன்படுத்துவது. பி450 கொடுப்பது 3.0. நான்கே பாதை, அதிலும் பாதி வேகம். ஸ்லாட்டில் அழகாக உட்காரும் என்பதால் இது கண்ணுக்குத் தெரியாது.

வீடியோதான் வேலை என்றால் நான் சொல்வது இது: ஐ5-12400. பெயரில் கடைசியில் எஃப் இருக்கக் கூடாது. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லாதது, கொஞ்சம் விலை குறைவு என்று எல்லோரும் அதைத்தான் கை காட்டுவார்கள். உங்களுக்கு அந்த உள் கிராபிக்ஸ்தான் உயிர். அதில் இருக்கும் குயிக் சிங்க் என்ற வசதி 10-பிட் எச்.265-ஐ விரிக்கும், முடித்ததைச் சுருக்கியும் எழுதும். இரண்டுக்குமே அதைப் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருள் வேண்டும், உங்களுடையதில் வன்பொருள் முடுக்கம் என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு கோர், பன்னிரண்டு திரெட். கிராபிக்ஸ் கார்டுக்கான பணம் மொத்தமும் மிச்சம்.

இதற்கு பி660 அல்லது பி760 போர்டு. 12-ஆம் தலைமுறைப் பிராசஸரை இரண்டும் முதல் பயாஸிலிருந்தே ஏற்கும், அந்தத் தலைவலி இல்லை. உங்கள் பழைய கூலர் இதிலும் மாட்டாது. முந்தைய இன்டெல் போர்டுகளில் துளைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர், 12400 உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 78. மூன்றே மில்லிமீட்டர்தான், ஆனால் பின் இறங்காது. பெட்டியோடு வாங்கினால் 12400-க்கும் கூலர் வரும்.

எஸ்எம்பிஎஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த 350 வாட்டை விட்டுவிடுங்கள். வாட் போதாது என்பதற்காகச் சொல்லவில்லை. 12400 முழு மூச்சில் ஓடினாலும் 117 வாட் வரைக்கும்தான் இழுக்கும். இத்தனை வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கும், அது போகும்போது தனியாகப் போகாது. நல்ல தரத்தில் 450 முதல் 550 வாட்டுக்குள் ஒன்று வாங்குங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி என்று சொல்லாது. மொத்தப் பணத்தில் எதையாவது குறைக்க வேண்டும் என்றால் கேபினட்டில் குறையுங்கள், இதில் வேண்டாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் மெஷினில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். பழையதும் புதியதும் கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் பழைய கேபிள் கேபினட்டின் முதுகுப் பக்கத்தில் ஒழுங்காகக் கட்டியிருந்தது. அதை அவிழ்ப்பானேன் என்று முனையை மட்டும் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல், டிக் என்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, பிளாஸ்டிக் கருகும் வாசனை. இரண்டு டிஸ்குமே போய்விட்டன. ஒன்றில் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் புகைப்படங்கள் இருந்தன. அதற்கு வேறு நகல் இல்லை.

டிஸ்க் பக்கத்து முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. எந்தப் பின்னில் 12 வோல்ட், எந்தப் பின்னில் 5 வோல்ட் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். எனவே எந்த எஸ்எம்பிஎஸ் வாங்குகிறீர்களோ, அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். பாடங்கள் இருக்கும் டிஸ்கை நகலெடுத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள்.

கணக்கு டீச்சர்:

உங்கள் அப்பாவின் படங்கள் பற்றிப் படித்ததும் முதல் வேலையாகப் பாடங்கள் அனைத்தையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிட்டேன்.

எச்டிஆர் போட்டுத்தான் இருந்தது. அணைத்துவிட்டு ஒரு சிறிய பாடம் எடுத்தேன். பழைய மெஷினிலேயே கை ஓரளவு சீராக நகர்கிறது. இத்தனை மாதம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். ஆனாலும் ஏற்றுமதிக்கு நேரம் எடுக்கிறது, விண்டோஸ் பிரச்சினையும் இருக்கிறது. அதனால் 12400 வாங்குவதாகவே முடிவு.

இரண்டு சந்தேகங்கள். பழைய 2400 ரேம் மெதுவாக இருக்குமா? பி660 போர்டு தேடினால் ஒரே பெயரில் இரண்டு மூன்று வருகின்றன, எதை எடுப்பது?

மின்மினி:

பி660, பி760 இரண்டிலும் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், டிடிஆர்4 உள்ளதன் கடைசியில் பெரும்பாலும் டி4 அல்லது டிடிஆர்4 என்று சேர்த்திருப்பார்கள். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான். வெட்டு மட்டும் வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் இறங்காது.

2400 ரேமால் எடிட்டிங்கில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், ஆனால் இப்போது மாற்ற வேண்டிய அளவுக்கு இல்லை. இரண்டு ஸ்டிக்கையும் இரட்டை சேனலில் (இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி) போடுவதுதான் முக்கியம். உள் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள்.

எம்.2 எஸ்எஸ்டியில் என்விஎம்இ என்று இருப்பதை எடுங்கள். அதே வடிவத்தில் சாட்டா வகையும் விற்கிறது, எல்லா எம்.2 ஸ்லாட்டும் அதை ஏற்பதில்லை.

திருப்புளி:

அதோடு கேபினட்டைத் திறந்து பாருங்கள். போர்டு உட்காரும் தகட்டில் பித்தளைக் கால்கள் இருக்கும். புதிய போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் இருந்தால் கழற்றிவிடுங்கள். அது போர்டின் அடியில் தொட்டு ஷார்ட் ஆகும். விலை குறைந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் அகலம் கொஞ்சம் குறைவாக இருக்கும், வலது ஓரத்துக்கு அடியில் கால் இருக்காது. 24-பின் கேபிளைச் செருகும்போது அந்த ஓரத்தை அடியிலிருந்து விரலால் தாங்கிக்கொள்ளுங்கள்.

கேபினட்டில் மாட்டுவதற்கு முன் வெளியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் அதை வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள் மட்டும் மாட்டுங்கள். 24-பின் ஒன்று, பிராசஸருக்கான 8-பின் ஒன்று. கிராபிக்ஸ் கார்டுக்கான 8-பின் பார்க்க அதே மாதிரி இருக்கும், கேபிள் முனையில் சிபியு என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுங்கள். எச்டிஎம்ஐயைப் போர்டில் செருகிவிட்டு, பவர் சுவிட்ச் என்று குறித்திருக்கும் இரண்டு பின்களைத் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டால் போதும், ஓடும். கூலரின் நான்கு கால்களும் போர்டின் மறுபக்கம் வந்து நிற்கின்றனவா என்று புரட்டிப் பார்த்த பிறகுதான் இதெல்லாம்.

கணக்கு டீச்சர்:

போர்டு வந்துவிட்டது. பெயரில் டி4 இருக்கிறது. கூலரின் ஒரு கால் முழுதாக இறங்கவில்லை, புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். அட்டைப்பெட்டி மேல் வைத்தே பயாஸ் திரை வந்துவிட்டது. இன்று மாலை கேபினட்டில் ஏற்றப் போகிறேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கட்டி, பரண் மேல் போட்டாயிற்று.