நெதர்லாந்தில் ஒன்பது நாள்: அஞ்சலட்டைப் படங்களோடு திரும்பாமல் இருக்க என்ன செய்யலாம்?

நிழலாடி (கோயம்புத்தூர்):

வணக்கம். அலுவலக வேலையாக ஜெர்மனிக்குச் செல்கிறேன். அது முடிந்த கையோடு ஏப்ரல் 26 முதல் மே 4 வரை ஒன்பது நாள் நெதர்லாந்தில் தனியாகச் சுற்றிப் படம் எடுக்க எண்ணியிருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமுக்கு ஒன்றரை நாள் போதும். மீதி நாள்களைச் சிறு நகரங்களுக்கும் நாட்டுப்புறத்துக்கும் வைத்துக்கொள்ளவே விருப்பம். கார் ஓட்டப் போவதில்லை. கையில் இருப்பவை 24–105 ஜூம் லென்ஸ், 35 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ், பழைய 70–200, எடை குறைந்த ஒரு டிரைபாட்.

என் தயக்கம் இதுதான். இந்த நாட்டைப் பற்றித் தேடினால் கிடைக்கும் படங்கள் எல்லாமே ஒரே ஆள் ஒரே நாளில் எடுத்தவை போல இருக்கின்றன: முன்னால் டுலிப் வரிசை, பின்னால் ஒரு காற்றாலை, மேலே துடைத்து வைத்த நீல வானம். நான் வால்பாறையிலும் நீலகிரியிலும் படம் எடுத்துப் பழகியவன். அங்கே மலைமடிப்பும் மூடுபனியும் சட்டகத்தைத் தாமாகவே நிரப்பிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாகக் கிடக்கும் நிலத்தில் சட்டகத்துக்குள் எதை வைப்பது என்றே எனக்கு விளங்கவில்லை. எந்த ஊரில் தங்குவது, அந்தத் தேதிகளில் டுலிப் மிச்சமிருக்குமா, தெருவில் மனிதர்களைப் படமெடுப்பதில் கட்டுப்பாடு உண்டா என்பவற்றையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒல்லாந்துவாசி (உட்ரெக்ட்):

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே குடியேறியவன். வார இறுதிகளில் கமராவும் சைக்கிளுமாக அலைபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குறையாகச் சொன்ன அந்தத் தட்டையான நிலத்தால்தான் இங்கே படமே அமைகிறது. மறைக்க மலை இல்லாததால் வானம் தரைவரை இறங்கி நிற்கிறது. கடற்காற்று முகில்களை ஓயாமல் தள்ளிக்கொண்டு போவதால், ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்றீர்களானால் வெளிச்சம் முதலில் ஒரு பண்ணை வீட்டின் மீதும், பிறகு தொலைவில் உள்ள தேவாலயக் கோபுரத்தின் மீதும், அதன் பிறகு உங்கள் காலடியில் உள்ள வாய்க்காலின் மீதும் விழுவதைக் காணலாம். அந்தக் கால் மணி நேரத்தை ஒதுக்காமல் வந்த உடனேயே சுட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அஞ்சலட்டைப் படம் கிடைக்கிறது.

17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆகவே முதல் நாளில் பாதியை ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் செலவிடச் சொல்வேன். அங்கே யாக்கோப் வான் ரைஸ்டால் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சி இருக்கிறது. வெளுப்பதற்காகத் துணி விரித்த வயல்கள், வீடுகள், தொலைவில் பெரிய தேவாலயம் எல்லாம் ஓவியத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட, மிச்சம் முழுவதும் முகில். தொடுவானத்தை எங்கே வைப்பது என்ற உங்கள் கேள்விக்கு நான் அறிந்த விடை அந்தப் படம்தான். அதே கட்டடத்தில் வெர்மீர் 1660ஐ ஒட்டி வரைந்த டெல்ஃப்ட் நகரக் காட்சியும் உண்டு. பார்த்து முடித்தவுடன் புகையிரதம் ஏறினால் சற்று நேரத்தில் டெல்ஃப்டில் இறங்கி, அவர் நகரைப் பார்த்த கோணம் என்று கருதப்படும் ஹோய்காட நீர்க்கரையில் நீங்களும் நிற்கலாம். ஓவியத்தில் உள்ள நகரவாயில்கள் பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டன. அகன்ற நீர்ப்பரப்பும் அதன் மேல் வானமும் இருக்கின்றன.

அடுத்தது நீர்மட்டம். மேடுபள்ளமே இல்லாத நாடு என்பது பாதி உண்மைதான். மனிதர் உண்டாக்கிய மேடுபள்ளம் நிறைய உண்டு. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் என்ற ஏரியைச் சுற்றிக் கரை எழுப்பி, கரைக்கு வெளியே வளையமாக வாய்க்கால் வெட்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளால் நீரை இறைத்து 1612இல் அதை விளைநிலமாக்கினார்கள். 1999 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். அந்த வளைய வாய்க்காலின் நீர் இன்றும் வயலைவிட உயரத்தில்தான் நிற்கிறது. கரையின் அடியில், வயல் பக்கமாக நின்று 70–200 லென்ஸை மேலே திருப்பினால், மேயும் மாடுகளுக்கு மேலே ஒரு படகு புல்மேட்டில் ஊர்வது போலப் போவதை எடுக்கலாம். அந்தக் காட்சிக்கு நான் மூன்று தடவை போய்க் காத்திருந்திருக்கிறேன். இரண்டு தடவை படகே வரவில்லை.

டுலிப்பைப் பற்றி: விவசாயிகள் அதைப் பூவுக்காக அல்ல, கிழங்குக்காகவே வயலில் வளர்க்கிறார்கள். ஆகையால் பூ விரிந்து சில நாள்களில், சத்து முழுவதும் கிழங்குக்குப் போகட்டும் என்று தலைகளைக் கொய்துவிடுவார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல் நடுப்பகுதியே உச்சம். ஹார்லெமுக்கும் லைடனுக்கும் இடைப்பட்ட வயல்களில் உங்கள் தேதிகளுக்கு ஒரு பகுதி மட்டுமே எஞ்சியிருக்கலாம். லிஸ்ஸ ஊரின் கோய்க்கன்ஹாஃப் பூங்கா மே நடுப்பகுதி வரை திறந்திருக்கும் என்றாலும், அது அலங்காரத் தோட்டம், வயல் அல்ல. என்னைக் கேட்டால், கொய்த பிறகு பச்சைத் தண்டுகள் மட்டும் நிற்கும் வயலும், வாய்க்கால் ஓரத்தில் குவிந்து வாடும் பூக்குவியலும்தான் யாரும் எடுக்காத படங்கள். வயலுக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள். மிதிபட்டால் நட்டம், நோயும் பரவும். தெருவோரத்தில் நின்று நீள லென்ஸால் எடுத்தாலே நிறக் கோடுகள் நெருங்கி வந்துவிடும்.

அந்த வாரத்தில் பெட்டூவப் பகுதியில் ஆப்பிள் தோட்டங்கள் பூத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஹெல்டர்மால்சன் நிலையத்தில் இறங்கி, லிங்க ஆற்றின் கரைவழியே சைக்கிளில் போய்ப் பாருங்கள்.

தங்குவதற்கு உட்ரெக்டைத்தான் சொல்வேன். நாட்டின் நடுவில் உள்ள புகையிரதச் சந்திப்பு அது. சொந்த ஊர்ப்பற்று என்று நினைக்க வேண்டாம். இங்கே பழைய கால்வாய்க்கு இரண்டு தளங்கள்: மேலே தெரு, கீழே நீரை ஒட்டிய துறைமேடை, அதற்குள் தெருவுக்கு அடியில் நிலவறைகள். ஆகவே நீர்மட்டத்திலிருந்தே நகரைப் படமெடுக்க முடிகிறது. 112 மீற்றர் உயர டோம் கோபுரமும் அதன் தேவாலயமும் தனித்தனியாக நிற்பதையும் பார்ப்பீர்கள். 1674இல் வீசிய பெரும்புயலில் இடையே இருந்த மண்டபம் சரிந்து, அந்த இடம் இப்போது திறந்த சதுக்கமாக இருக்கிறது. ஒரு நாளை டெவென்டருக்கு வையுங்கள். ஐசல் ஆற்றைக் கடந்து அக்கரையிலிருந்து மாலையில் நகரைப் பாருங்கள்.

போக்குவரத்துக்கு உங்கள் வங்கி அட்டையையே ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டுக் காட்டலாம். வேலைநாள்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் சாதாரண சைக்கிளைப் புகையிரதத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அந்தந்த ஊரிலேயே வாடகைக்கு எடுப்பது சுலபம். சைக்கிள் பாதைகளின் சந்திகளுக்கு எண் இட்டிருக்கிறார்கள். போகும் வழியின் எண்களைத் தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் வரைபடம் தேவைப்படாது.

காற்றாலைகளுக்குப் பேர்போன கிண்டர்டைக்குக்கும், கால்வாய்க் கிராமமான கீட்ஹோர்னுக்கும் போகச் சொல்லமாட்டேன். கூட்டத்தின் முதுகைத்தான் படமெடுப்பீர்கள்.

பாய்மரம் (பெங்களூரு):

மேலே எழுதியவரின் அறிவுரையில் கடைசி வரியைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். கீட்ஹோர்னை விட்டுவிடலாம், கிண்டர்டைக்கைக் கைவிடச் சொல்வது அநியாயம். அங்கே உள்ள 19 காற்றாலைகளில் ஒரு வரிசை 1738இல் செங்கல்லால் கட்டிய வட்ட ஆலைகள், எதிர்வரிசை 1740இல் எழுப்பிய, வைக்கோல் போல நாணல் வேய்ந்த எண்கோண ஆலைகள். இடையே இரண்டு நீர்த்தேக்க வாய்க்கால்கள் இணையாக ஓடுகின்றன. உள்ளே சென்று பார்க்கத் திறந்துவைத்துள்ள ஆலைகளுக்குத்தான் கட்டணச் சீட்டு, நடைபாதை பொதுவழி. கூட்டம் பகல் வேளையில்தான். ஏப்ரல் இறுதியில் சூரியன் காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் எழுந்து இரவு ஒன்பதையொட்டி மறைகிறது என்பதால், இரு முனைகளிலும் பாதை உங்களுக்கே சொந்தம் போல இருக்கும். ரோட்டர்டாமிலிருந்து படகில் செல்வது அழகு. ஆனால் திரும்பும் கடைசிப் படகை நம்பாமல், பக்கத்திலேயே ஓர் இரவு தங்குங்கள். பல ஆலைகளில் ஆலைக்காரர்கள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். கொடியில் துணி காயும் முற்றத்துக்குள் லென்ஸை நீட்டாதீர்கள்.

சுழலும் இறக்கையைப் படமெடுப்பதில் நான் முதல் பயணத்தில் செய்த தவறு ஷட்டர் வேகம். நல்ல காற்றில் நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 4 விநாடி, அதாவது விநாடிக்குக் கால்வட்டம். நான் 1/500 விநாடியில் எடுத்தேன். இறக்கை அசையாமல் நின்றது. ஆலை பழுதடைந்து கிடப்பது போலப் படம் வந்தது. 1/15இல் இறக்கை 6 பாகை மட்டும் நகரும். நுனி கலங்கி, தண்டுப் பக்கம் தெளிவாக இருக்கும். 1/4இல் 20 பாகைக்கு மேல் நகர்ந்து துணி பறப்பது போலத் தெரியும். பகல் வெளிச்சத்தில் இந்த வேகங்களுக்கு ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) ஒன்று வேண்டும். உங்கள் எடை குறைந்த டிரைபாட் அங்கே ஆபத்தானது. கரைமேட்டில் ஒரு வீச்சுக் காற்றில் என்னுடையது சாய்ந்து ஃபில்டர் கண்ணாடி உடைந்துபோனது. பையை அதன் நடுக் கொக்கியில் தொங்கவிட்ட பிறகே கையை எடுங்கள்.

நின்றுகொண்டிருக்கும் ஆலையையும் கவனியுங்கள். மரபான வழக்கப்படி, மேல் இறக்கை செங்குத்து நிலையை எட்டுவதற்குச் சற்று முன்பாக நிறுத்தப்பட்டிருந்தால் அந்த வீட்டில் மகிழ்ச்சி; தாண்டி நிறுத்தப்பட்டிருந்தால் துக்கம். நம்மைப் பார்த்திருக்கும் நிலையில் இறக்கைகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

கைவிளக்கு:

தேதிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் 27 அரசரின் பிறந்தநாள் விழா. அது ஞாயிறாக அமைந்தால் 26 அன்று கொண்டாடுவார்கள். ஊர் முழுவதும் ஆரஞ்சு உடை, தெருவெங்கும் பழைய பொருள் கடைகள், விரிப்பில் தங்கள் பொம்மைகளை விற்கும் குழந்தைகள். 35 மி.மீ. லென்ஸுக்கான நாள் அது. ஆம்ஸ்டர்டாமில் நெரிசல் தாங்காது என்பதால் ஒரு சிறு நகரத்தில் இருங்கள். மே 4 அன்று இரவு 8 மணிக்குப் போரில் இறந்தோருக்காக நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கும். அப்போது கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். ஷட்டர் ஒலிகூடக் கேட்கும்.

பொது இடத்தில் படமெடுக்கத் தடையில்லை. ஆனால் அடையாளம் தெரியும் ஒருவரின் படத்தை வெளியிடும்போது, தக்க காரணம் இருந்தால் அவர் எதிர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. பல வீடுகளில் தெருப்பக்கச் சன்னலுக்குத் திரை இருக்காது; அது உள்ளே எட்டிப் பார்ப்பதற்கான அழைப்பு அல்ல. ட்ரோன் கொண்டுபோவதாக இருந்தால், 250 கிராமுக்குக் குறைவானதாக இருந்தாலும் கேமரா பொருத்தியது என்றால் இயக்குநராகப் பதிவு செய்ய வேண்டும்.

நிழலாடி:

அனைவருக்கும் நன்றி. ட்ரோன் இல்லை, உட்ரெக்டில் ஐந்து இரவும் கிண்டர்டைக் பக்கம் ஓர் இரவும் என்று திட்டத்தை மாற்றிவிட்டேன். இன்னும் ஓர் ஐயம். கால்வாய் ஓர வீடுகளை 24 மி.மீ.இல் எடுத்தால் செங்குத்துக் கோடுகள் சாயும். அவற்றை மென்பொருளில் நிமிர்த்திவிடலாமா?

ஒல்லாந்துவாசி (உட்ரெக்ட்):

அவசரப்பட்டு நிமிர்த்தாதீர்கள். அந்த வீடுகளில் பல உண்மையாகவே சாய்ந்தவை. முகப்பைத் தெருப்பக்கமாகச் சற்று முன்சாய்த்துக் கட்டியது திட்டமிட்டே. உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தின் கொக்கியில் கயிறு கட்டிச் சரக்கை மேல்மாடிக்கு இழுக்கும்போது மூட்டை சுவரில் உரசக் கூடாது அல்லவா? பக்கவாட்டுச் சாய்வு வேறு கதை. சேற்று நிலத்தில் அடித்த மரத்தூண்கள் காலப்போக்கில் உளுத்து இறங்கியதால் வந்தது. மென்பொருளின் தானியங்கித் திருத்தத்துக்கு இவை எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் இழுத்து நிறுத்திவிடும்.

நான் செய்வது இது: கால்வாயின் எதிர்க்கரைக்குப் போய், 24க்குப் பதிலாக 50க்கு மேல் வைத்து, கமராவை மேலே அண்ணாத்தாமல் நேராகப் பிடித்து, முகப்புக்கு நேர் எதிரே நின்று அதன் அடியில் உள்ள நீர்க்கோட்டைக் கிடைமட்டத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகும் சாய்ந்து தெரிவது வீட்டின் சாய்வு. அதை அப்படியே விட்டுவிடுவேன்.

ட்ரோன் இல்லை என்றதால், வடகிழக்கு மூலையில் உள்ள பூர்டாங்க நட்சத்திரக் கோட்டைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் ஐங்கோணம் உள்ளே நடப்பவர் கண்ணுக்குப் படாதது போலவே, அதன் ஐந்து முனைகளும் தரையில் நிற்பவருக்குத் தெரியா.

பாய்மரம் சொன்னதை ஒட்டி ஒரு திருத்தம்: கிண்டர்டைக் பற்றி நான் எழுதியது பகல் பன்னிரண்டு மணி அனுபவத்தை வைத்து. இந்த முறை உங்கள் தேதியிலேயே விடியற்காலையில் நானும் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மழை ராடார் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். மழை விட்ட அடுத்த பத்து நிமிடத்துக்குத்தான் நாங்கள் எல்லோரும் வாசலில் காலணியோடு காத்திருப்போம்.