குடும்பக் குழு: கயலின் பட்டப்படிப்பு

கயல்: எல்லோருக்கும் வணக்கம். கணக்கியல் பட்டத்தில் தொழில்முனைவைச் சிறப்புப் பிரிவாக எடுக்கலாமென்று இருக்கிறேன். நாளைக்குள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: தொழில் தொடங்கத் துணிச்சல் வேண்டும் அம்மா. பற்று வரவு எழுத ஆள் வைத்துக்கொள்ளலாமே?

அத்தை: எழுத ஆள் வைக்கலாம் அண்ணா. அதைப் பார்த்து முடிவெடுப்பவள் இவள்தானே? லாபம் காட்டிக்கொண்டே மூடிப்போகும் தொழில்கள் உண்டு.

பெரியப்பா: லாபம் இருக்கும்போது ஏன் மூட வேண்டும்?

அத்தை: 60,000 செலவில் செய்த சரக்கை 80,000க்குக் கடனில் விற்றதாக வையுங்கள். ஏட்டில் அன்றே 20,000 லாபம். வாங்கியவர் 90 நாளில் தருவார். மூலப்பொருள் கொடுத்தவர் 30 நாளில் கேட்பார். இடைப்பட்ட 60 நாளை எதை வைத்துச் சமாளிப்பது? விற்பனை பெருகப் பெருக இந்தப் பற்றாக்குறையும் பெருகும். லாப நட்டக் கணக்கில் இது தெரியாது. பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று காட்டும் பணப்பாய்வு அறிக்கையைப் படிக்கத் தெரிந்தால்தான் தெரியும்.

இனியன்: நான் அதே பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டில், ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையே பெரும்பகுதி. பொறுமை வேண்டும். 1494இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி வெனிசில் அச்சிட்ட நூலில் விளக்கியது அங்குள்ள வணிகர்கள் கையாண்ட முறையைத்தான். தொழில் செய்பவர்களிடமிருந்து வந்த படிப்பு இது, பெரியப்பா.

கயல்: தொழில்முனைவுப் பாடங்கள் எப்படி, அண்ணா?

இனியன்: வணிகத் திட்டம் எழுதும் பாடம் அருமை. விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் மாத நிலைச்செலவு 60,000, ஒரு பொருளின் விலை 50, அது ஒன்றைச் செய்ய ஆகும் மாறும் செலவு 30 என்று வை. ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 20. 3,000 விற்றால்தான் நட்டமில்லை. விலையை 45 ஆக்கினால் மிஞ்சுவது 15, அப்போது 4,000 விற்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு விலையைக் குறைத்ததற்கு விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும்!

பெரியப்பா: இது எனக்குத் தோன்றியதே இல்லை. சரி, பின்னால் தணிக்கையாளராக விரும்பினால்?

அத்தை: நல்ல கேள்வி. தொழில்முறைத் தேர்வுகளில் சில தாள்களுக்கு விலக்கு கிடைப்பது, பட்டத்தில் என்னென்ன படித்தோம் என்பதைப் பொறுத்தது. சிறப்புப் பிரிவுக்காகத் தணிக்கையையும் வரியையும் விட்டுவிடாதே, கயல்.

கயல்: பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டேன் அத்தை. தணிக்கை கட்டாயம். வரியும் விளம்பரமும் விருப்பப் பாடங்கள், ஒன்றைத்தான் எடுக்கலாம்.

அத்தை: வரியை எடு. விளம்பரத்தைத் தொழில் செய்துகொண்டே கற்கலாம்.

கயல்: சரி அத்தை. இன்றிரவே படிவத்தை நிரப்பிவிடுகிறேன்.