லூபஸ் நோயுடன் வேலையில் தொடர வழி உண்டா?

கேள்வி: கோவை வாசகி

வணக்கம். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே உடலின் உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோய் உறுதியானதிலிருந்து, அதற்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் குறைந்த அளவு ஸ்டீராய்டும் எடுத்து வருகிறேன். சிறுநீரகம் இதுவரை பாதிக்கப்படவில்லை. ஆனால் காலையில் விரல்களை மடக்க முடிவதில்லை. மதியத்துக்கு மேல், படுத்து எழுந்தாலும் தீராத அசதி வந்து, நன்கு பழகிய கணக்கில்கூடக் கவனம் நிற்பதில்லை. பார்வைக்கு நலமாகத் தெரிவதால், நான் விடுப்பு எடுப்பதை மேலாளர் பொறுப்பின்மையாகவே கருதுகிறார். நானாகவே விலகிக்கொள்வது நல்லது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா? சம்பளம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள்தான் இருக்கிறது.

பதில்: தேன்மொழி

சகோதரி, முதலில் ஒன்று: விலகல் கடிதத்தை இப்போது கொடுத்துவிடாதீர்கள். வேலை போனால் சம்பளத்தோடு இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் கைவிட்டுப் போய்விடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 குறைபாடுகளில் லூபஸ் இல்லை. ஸ்டீராய்டின் விளைவாக இடுப்பு எலும்பு சிதைந்தாலோ, பக்கவாதம் ஏற்பட்டாலோ, பார்வை மங்கினாலோ, அந்தந்தப் பாதிப்பின் அளவைக் கொண்டு சான்றிதழ் பெறலாம்; சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். லூபஸ் நோயாளிகளை வேலையிலிருந்து வெளியேற்றுவதில் பெரும்பங்கு வகிக்கும் அசதி, வலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றை அளக்க அந்தப் பட்டியலில் இடமே இல்லை என்பது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

ஆனால், நீண்டகாலக் குறைபாட்டால் பிறருக்குச் சமமாகப் பங்கேற்க இயலாத எவரையும் மாற்றுத்திறனாளி என்றே அச்சட்டத்தின் பொது வரையறை சொல்கிறது. உங்கள் கோரிக்கைக் கடிதத்தில் அதைச் சுட்டிக்காட்டலாம்.

பதில்: அரசுப்பள்ளி ஆசிரியை

நானும் லூபஸ் உள்ளவள். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு பெரும் துணை: பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். உங்களைப் போன்ற தனியார் ஊழியர்களுக்கு அந்தக் காப்பு இல்லாதது வருத்தமளிக்கிறது.

எனக்கு உண்மையில் உதவியவை சிறிய மாற்றங்கள்தாம். வெயில் பட்டால் நோய் கிளர்ந்தெழும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த பின், காலை வழிபாட்டு நேரத்தில் மைதானத்தில் நிற்பதிலிருந்து விலக்குக் கிடைத்தது. வகுப்பும் தரைத்தளத்துக்கு மாறியது. ஆகவே நோயின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்த வேலை எந்த நேரத்தில் முடியவில்லை, என்ன மாற்றினால் முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்குவது, மாதக் கணக்கு முடிக்கும் நாள்களில் இடையே ஓய்வு, வாரத்தில் சில நாள்கள் வீட்டிலிருந்து பணி ஆகியவை கணக்குப் பிரிவில் இயலாதவை அல்ல.

கோவை வாசகி

இருவருக்கும் நன்றி. நோய் முற்றிப் பல வாரங்கள் படுத்துவிட்டால் இ.எஸ்.ஐ. எவ்வளவு தூரம் உதவும்?

பதில்: தேன்மொழி

உரிய காலத்துக்குச் சந்தா செலுத்தியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை, சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். குறிப்பிட்ட 34 நோய்களுக்கு, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவருக்கு, 80 விழுக்காடு வீதம் நீட்டித்த பயன் உண்டு. அப்பட்டியலில் லூபஸ் என்ற பெயர் இல்லை. ஆனால் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும், குளிரில் விரல்கள் வெளுத்து நீலம்பாரிக்கும் ரேனோ நோயும் உள்ளன. உங்களுக்கு விரல்கள் அப்படி நிறம் மாறுவதுண்டா? உண்டென்றால் அடுத்த முறை மருத்துவரிடம் தவறாமல் சொல்லி, குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். பட்டியலில் இல்லாத அரிய நோய்களுக்கும் தகுதியைப் பார்த்து இந்தப் பயனை வழங்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. தலைமையகத்துக்கு உண்டு. கிளை அலுவலகத்தில் முடியாது என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பிவிடாமல், மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.