24 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ணி 24.5-ல மாட்டின கதை

மோட்டார் அதிர்வுலருந்தே கரண்ட் எடுத்து ஒரு டெம்பரேச்சர் சென்சாரை பேட்டரி இல்லாம ஓட்டணும், அதான் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். பீசோ (வளைஞ்சா கரண்ட் தர்ற பொருள்) ஒட்டின பீம் ஒன்னு, ஒரு முனையை கிளாம்ப்ல இறுக்கி மறு முனையில 12 கிராம் பித்தளைத் துண்டு. மோட்டார் நேம் பிளேட்ல 1440 ஆர்.பி.எம்.னு இருந்துச்சு, 60-ஆல வகுத்தா 24 ஹெர்ட்ஸ், பீமோட சொந்த ஃப்ரீக்வென்சியும் அதுவா இருந்தாத்தான் நல்லா ஆடும், சரின்னு லேப்ல ஷேக்கர் (அதிர்வு கொடுக்கிற மெஷின்) மேல வச்சு பித்தளையை ராவி ராவி கரெக்டா 24-ல நிறுத்திட்டோம். ஸ்கோப்புல 14 வோல்ட் பீக். அன்னைக்கு எல்லாருக்கும் பரோட்டா என் செலவு.

மில்லுல கொண்டுபோய் மாட்டினா 3.5 வோல்ட்தான் வருது. பீசோ கரண்டைச் சேத்து சீரா வெளிய தர்ற எல்.டி.சி. 3588 சிப்பை 3.3 வோல்ட் அவுட்புட்டுக்கு செட் பண்ணியிருந்தோம், இன்புட் கிட்டத்தட்ட 5 வோல்ட் ஏறினாத்தான் அது கண்ணே முழிக்கும். வயரைச் சந்தேகப்பட்டு, சோல்டரைச் சந்தேகப்பட்டு, பீசோவே விரிசல் விட்டுருச்சோன்னு பயந்து ரெண்டு மணி நேரம் போச்சு. மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருத்தர் வந்து டேக்கோமீட்டரை (சுத்துற வேகம் அளக்கிற மீட்டர்) ஷாஃப்ட்ல காட்டினார், 1470 ஆர்.பி.எம். "நேம் பிளேட்ல இருக்கிறது ஃபுல் லோடுக்கு தம்பி, இது பாதி லோடுலதான ஓடுது"ன்னார். அதாவது 24.5. அரை ஹெர்ட்ஸுல போச்சு மொத்தமும்! லேப்ல க்யூ (ஒரே ஃப்ரீக்வென்சில மட்டும் எவ்ளோ கூர்மையா ஆடுதுங்கிற அளவு) எவ்ளோ ஹை பாருன்னு பெருமையடிச்சோமே, அதுதான் ஆப்பு வச்சது.

எடையைக் குறைச்சா ஃப்ரீக்வென்சி ஏறும், ஆனா வர்க்கமூலக் கணக்கு, 2% ஏத்த எடையில 4% போகணும், 12 கிராம்ல அரை கிராம். தராசு ஏது அங்க, அவர்கிட்டயே அரம் வாங்கி ராவுறது மாட்டுறது மீட்டரைப் பாக்குறதுன்னு போய் கொஞ்சம் கூடுதலாவே ராவிட்டேன், அப்புறம் எம்-சீல் மிளகு சைஸ்ல உருட்டி ஒட்டி 11 வோல்ட் வந்துச்சு. சாயங்காலம் லோடு ஏத்தினாங்க, மோட்டார் வேகம் குறைஞ்சு மறுபடி செத்துப்போச்சு.

இதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் எழுதின பதில்:

— தம்பி, எடையோட மல்லுக்கட்டாத. நுனியில ஒரு காந்தம், அதுக்கு நேர் எதிர்ல ஸ்க்ரூ மேல இன்னொன்னு வை. ஈர்க்கிற மாதிரி வச்சா பீமை நீளவாக்குல இழுக்கும், தந்தியை முறுக்கின மாதிரி ஃப்ரீக்வென்சி ஏறும், ஸ்க்ரூவை திருப்பினா போதும். சவுத்தாம்ப்டன் யூனிவர்சிட்டில இப்படித்தான் 67.6-லருந்து 98 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொண்டுபோனாங்க. ரொம்ப கிட்ட கொண்டுபோயிடாத, நான் ஒருதடவை போனேன், டப்புனு ஒட்டி பீசோ ரெண்டா போச்சு.

— நான் மோட்டார் பக்கமே போகல அண்ணே, டிரான்ஸ்ஃபார்மர் டேங்க்ல ஒட்டினேன். 50 ஹெர்ட்ஸ் சப்ளைல கோர் ரெட்டிப்பா 100-ல ரீங்காரம் போடும், லோடு ஏறினாலும் இறங்கினாலும் அந்த 100 மாறாது, கிரிட் ஆடினா லேசா ஆடும் அவ்ளோதான். பீமை ஒருதடவை 100-க்கு வெட்டினதோட சரி. அதிர்வுதான் கம்மி, டேங்க்ல எந்த எடம் நல்லா ஆடுதுன்னு கையால தடவித் தடவித் தேடினதுல ஒரு நாள் போச்சு.