சிட்டா நூல் சாயப்பட்டறையில் புதுசாகச் சேர்கிறேன்: முதல் வாரம் எதைக் கவனிக்கணும்?

கேள்வி: புதுக்கை

வணக்கமுங்க. வர்ற திங்கட்கிழமை சென்னிமலைப் பக்கம் ஒரு கைச் சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்கிறேன். பெட்ஷீட்டுக்கான 20-ஆம் நம்பர் சிட்டா நூல் (வளையமாகச் சுற்றிய நூல்), பெரும்பாலும் வாட் சாயம் (ரசாயனம் போட்டுக் கரைத்து ஏற்றி, காற்றில் நிறம் திரும்ப விடுவது). மெஷின் கிடையாது, தொட்டியில் கோல் போட்டுக் கையால்தான் திருப்பணும். "ஒரு மாசம் தாங்கினா நிலைச்சிடுவே" என்கிறார்கள். சிட்டாக்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு நாலரைக் கிலோதானே, அதில் அப்படி என்ன பாரம்? உடம்பில் எங்கே வாங்கும், நூலில் என்ன தப்பு வரும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பதில் 1: தொட்டிக்கரை

தம்பி, காய்ந்த கட்டுதான் நாலரைக் கிலோ. சொட்டச் சொட்டத் தூக்கினால் அதே கட்டு 13 முதல் 15 கிலோ வரும். அதனால் கட்டை மொத்தமாகத் தூக்கவே கூடாது. கோலுக்கு அரைக் கிலோ நூல், கட்டுக்கு ஒன்பது கோல் என்று பிரித்துக்கொள்ளுங்க. கோல் எண்ணிக்கையைக் குறைக்கலாமென்று ஒரே கோலில் ஒரு கிலோ ஏற்றினால் தோளும் போகும், நெருக்கத்தில் உள்பக்க நூலுக்குச் சாயம் எட்டாமல் திட்டும் விழும். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

சாயத்துக்கு முன்னால் நூலை வேகவைப்பதில்தான் பாதி வெற்றி. ஒரு கட்டுக்கு 90 லிட்டர் தண்ணீர், 135 கிராம் காஸ்டிக் (காஸ்டிக் சோடா), 45 கிராம் டர்க்கி ரெட் ஆயில் (நூலை நன்றாக நனைய வைக்கும் எண்ணெய்), மூன்று மணி நேரக் கொதி. நூல் முழுக்கத் தண்ணீருக்குள் அமுங்கியே இருக்கணும். காஸ்டிக்கோடு கொதிக்கும் நூல் வெளியே தலைகாட்டினால் காற்றுப் பட்டு அந்த இடம் நைந்துவிடும், தறியில் போய் அறும். அலசியபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க. உடனே உறிஞ்சினால் சரி. முத்து மாதிரி உருண்டு நின்றால் மறுபடி வேகவைக்கணும்.

சிட்டாவின் கட்டுக்கயிற்றையும் பார்த்துவிடுங்க. இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாக நிற்கும். கயிற்றை 8 வடிவில் குறுக்காகப் போட்டுத் தளர்வாகக் கட்டணும்.

பதில் 2: வாட்மாஸ்டர்

சாயத் தொட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். சூட்டில் போடும் வாட் சாயத்துக்கு, நடுத்தர நிறமென்றால் ஒரு கட்டுக்கு 90 கிராம் சாயம். டர்க்கி ரெட் ஆயில் விட்டுக் குழைத்து, தனி வாளியில் 60 டிகிரித் தண்ணீரில் கொஞ்சம் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் (வாட் சாயத்தைக் கரைய வைக்கும் பொடி, சோடியம் ஹைட்ரோசல்பைட்) சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் கரைய விடணும். 90 லிட்டர் தொட்டிக்கு மொத்தத்தில் காஸ்டிக் 500 கிராம், ஹைட்ரோஸ் 400 கிராம் வரும். சாயத்துக்குச் சாயம் மாறும், டப்பாவோடு வரும் அட்டையைப் பார்க்காமல் போடாதீங்க.

முதல் பத்து நிமிஷம்தான் உயிர். வாட் சாயம் நூலைக் கண்டதும் ஓடி ஏறும். அந்த நேரத்தில் விடாமல் திருப்பணும், ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் இடையில் நின்று பேசக்கூடாது. அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு திருப்பு, மொத்தம் முக்கால் மணி நேரம், சூடு 55-லிருந்து 60-க்குள். நேர்க்கோலில் மேலே நிற்கும் நூல் காற்றுப் பட்டு முன்னாலேயே நிறம் திரும்பிவிடும். வளைந்த ஸ்டீல் கம்பியென்றால் சிட்டா முழுக்க உள்ளேயே கிடக்கும்.

ஹைட்ரோஸ் தீர்ந்துபோனதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. வாட் மஞ்சள் காகிதத்தை (மஞ்சள் வாட் சாயம் ஏற்றிய சோதனைக் காகிதம்) தொட்டியில் நனைத்துப் பாருங்க: நீலமாக மாறினால் ஹைட்ரோஸ் இருக்கிறது, மஞ்சளாகவே நின்றால் உடனே இன்னும் கொஞ்சம் சேர்க்கணும். தீர்ந்த தொட்டியில் சாயம் நூலின் மேலே படிவதோடு சரி, உள்ளே போகாது.

எடுத்துப் பிழிந்து, நிழலில் 20 நிமிஷம் காற்றாட விட்டு, அலசி, சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க விடணும். நேரமில்லையென்று பல பட்டறைகளில் விடுவது இந்தக் கொதியைத்தான். விட்டால் உண்மையான நிறமும் வராது, தேய்த்தால் கையில் ஒட்டும்.

பதில் 3: மூங்கில்கோல்

வளைகம்பி நல்லதுதான், ஆனால் எல்லாப் பட்டறையிலும் கிடையாது. கை ஓடினால் மூங்கிலிலேயே சீராக வரும். கருநீலத்துக்கு ஓடிய கோலை வெளிர்மஞ்சளுக்குப் போடாதீங்க, அவ்வளவுதான். மூங்கில் சாயத்தைக் குடித்து வைத்திருந்து அடுத்த தொட்டியில் கக்கும். காஸ்டிக்கில் சிலாம்பு கிளம்பும், தினமும் தடவிப் பாருங்க. சிலாம்பு சிட்டாவை இழுத்தால் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சி) சுற்றுகிறவர் பாடு திண்டாட்டம்.

பதில் 4: ஈரக்கை

உடம்பு பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லையே அண்ணா. முதலில் வாங்குவது மணிக்கட்டும் முன்கையும், பிழிகிற வேலையில். ஒரே பக்கமாக முறுக்காமல் சிட்டாவுக்குச் சிட்டா கை மாற்றுங்க. மணிக்கட்டை வளைக்காமல், காலை அகட்டி நின்று இடுப்பிலிருந்து திரும்பி முறுக்கணும். ராத்திரியில் விரல் மரத்துப்போய் தூக்கம் கலைந்தால், பழகிவிடும் என்று விடாமல் டாக்டரைப் பாருங்க. தொட்டி விளிம்பு இடுப்புக்குக் கீழே இருந்தால் முதுகு போகும். செங்கல் அடுக்கியாவது உயர்த்தச் சொல்லிக் கேளுங்க.

நீளக் கையுறை போட்டு, அதன் வாய் விளிம்பை வெளியே மடித்துவிடுங்க. கோலை உயர்த்தும்போது வழிகிற காஸ்டிக் தண்ணீர் அந்த மடிப்பில் நிற்கும், இல்லையென்றால் முழங்கைக்கு ஓடும். காலுக்கு கம்பூட்ஸ்.

காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போடணும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஹைட்ரோஸ் டின்னில் ஈரக் கரண்டி போகக்கூடாது. ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், கந்தக நெடி மூச்சை அடைக்கும். சாயப்பொடி அளக்கும்போது முகக்கவசம், மின்விசிறி நிறுத்தம். பிளீச்சிங் பவுடர் இருக்கும் வாளியில் ஆசிட் விழவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கைக்கறை போக அதே பிளீச்சிங் பவுடரில் கழுவுகிறவர்களைப் பார்ப்பீங்க, தயவுசெய்து செய்யாதீங்க, தோல் வெடித்துவிடும். கறை ஒரு வாரத்தில் தானே போகும்.

புதுக்கை

ரொம்ப நன்றிங்க. அங்கே போர் தண்ணீர்தான், உப்புக் கரிக்கும். அதனால் சாயத்தில் ஏதாவது வருமா?

வாட்மாஸ்டர்

வரும். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் வெள்ளைப் பிசுக்காக ஒட்டும், நிறம் மங்கும். சாயத்துக்கும் சோப்புக் கொதிக்கும் மட்டுமாவது மென்னீர் கேளுங்க. அது இல்லையென்றால் சாதா சோப்புக்குப் பதில் கடினநீரில் திரியாத சோப்பு எண்ணெய் வாங்கச் சொல்லுங்க. சோப்புக்கு முந்தைய அலசலுக்குப் போர் தண்ணீர் போதும்.