ஹலேயகலா உச்சிக்கு வாடகைக் காரில்: விடியற்காலையா, சாயங்காலமா?

செந்தூல் டீச்சர்:

வணக்கம். டிசம்பரில் மகளைப் பார்க்க கலிஃபோர்னியா போகிறோம். திரும்பும் வழியில் ஹவாயில் மாவுயித் தீவில் சில நாள் தங்கலாம் என்று அவளே டிக்கெட்டும் போட்டுவிட்டாள். அங்கே ஹலேயகலா என்ற எரிமலையின் உச்சி வரைக்கும் காரிலேயே போகலாமாம். அங்கே சூரியோதயம் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். காரில் நான், வீட்டுக்காரர், மகள், எழுபதைத் தாண்டிய என் மாமியார். ஓட்டப்போவது வீட்டுக்காரர். நம்ம மலேசியாவின் கெந்திங், கேமரன் மலை எல்லாம் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் சாலையின் வலப்பக்கம் ஓட்டியதே கிடையாது. தெரியாத மலை, அதிலும் இருட்டில் என்றால் எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. சாதாரண கார் போதுமா? எரிமலை என்றால் புகை, கந்தக நெடி ஏதும் இருக்குமா? மாமியாருக்கு பிபி மாத்திரை உண்டு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பினாங்கு வேன்காரன்:

டீச்சர், நான் பினாங்கில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். மகன் ஹவாயில் வேலை பார்த்தபோது அந்த மலையில் நானே ஓட்டி ஏறினேன். என்னைக் கேட்டால் விடியற்காலையை விட்டுவிடுங்கள், சாயங்காலம் போங்கள்.

காரணம் சொல்கிறேன். சூரியோதயத்துக்கு 2017 முதல் முன்பதிவு கட்டாயம். அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணி வரை முன்பதிவு இல்லாத காரை மலையின் தேசியப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். கட்டணம் என்னவோ காருக்கு ஒரு டாலர்தான், இடம் கிடைப்பதுதான் பாடு. 60 நாளுக்கு முன் ஹவாய் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். நமக்கு அது மறுநாள் விடியற்காலை ஒரு மணி. இரண்டு நாளுக்கு முன் மிச்சம் கொஞ்சம் விடுவார்கள். அதெல்லாம் கிடைத்தாலும், ஹோட்டலிலிருந்து மூன்று மணிக்கே மாமியாரை எழுப்பிக் கிளப்ப வேண்டும். கும்மிருட்டில் ஏறுவீர்கள். வழியில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த வழிதான் டீச்சர் விஷயமே! கஹுலுயி விமான நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கடலோரத்தில் கிளம்பி, 3,055 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறீர்கள். கேமரனில் பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போயிருப்பீர்களே, அதற்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டர். முதலில் வயல்வெளி, அப்புறம் யூக்கலிப்டஸ் வாசனை, மாடு மேயும் புல்வெளி. வளைந்து வளைந்து ஏறும்போது மேகம் காருக்குள் வருகிற மாதிரி இருக்கும். சட்டென்று அதையும் தாண்டிவிடுவீர்கள். மேகம் கீழே கிடக்கும். அதற்கு மேல் மரம் கிடையாது, வெறும் கருப்பும் சிவப்புமான கல்தான்.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பினால் இதையெல்லாம் வெளிச்சத்தில் பார்க்கலாம். டிசம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். இறங்கும்போது இருட்டுத்தான், அதை மறைக்கவில்லை. பல இடத்தில் ஓரத் தடுப்பும் இல்லை. ஆனால் எல்லாமே பகலில் பார்த்து வந்த வளைவுகள். முன்னால் போகும் கார்களின் சிவப்பு விளக்கு வரிசையாக வழிகாட்டும். அண்ணனிடம் சொல்லுங்கள்: கெந்திங் இறக்கத்தில் 'குனா கியர் ரெண்டா' என்று போர்டு வைத்திருப்பார்களே, அதேதான் இங்கேயும். கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறக்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகல் வாடை வரும். பின்னால் எவனாவது நெருக்கினால் ஒதுங்கி வழி விடுங்கள்.

சாதாரண கார் தாராளமாகப் போதும், உச்சி வரை தார்ச்சாலை. நான்கு சக்கர இழுவை வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்கள் பக்கத்துத் தீவின் மௌனா கேயா மலையை நினைத்துச் சொல்கிறார்கள். வழியில் புகலானி ஊரில் பெட்ரோல் நிரப்பி, சாப்பாடும் வாங்கிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் இரண்டும் கிடைக்காது. நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், மூன்று நாள் செல்லும். ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும்.

புகையும் கிடையாது, கந்தகமும் கிடையாது. கடைசியாகப் பொங்கி 400 வருஷத்துக்கு மேல் ஆகிறது. உச்சியில் தெரியும் பெரிய பள்ளம்கூட வெடித்து உண்டானதல்ல. மழையும் ஓடையும் அரித்து இரண்டு பள்ளத்தாக்கு ஒன்றாகி, பிறகு வந்த எரிமலைக் குழம்பு அடியை நிரப்பியது. உள்ளே சின்னச் சின்னக் கூம்பு மலைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். கலஹாக்கு என்ற இடத்தில் இறங்கும்போது நிறுத்துங்கள். வெள்ளி நிறத்தில் கத்தி கத்தியாக இலை விட்ட ஆஹினாஹினா செடி இருக்கும். உலகத்தில் அந்த மலையில் மட்டும்தான் அந்த வகை. பல பத்தாண்டு வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்துச் செத்துப்போகும். கிட்டே போய் மிதிக்காதீர்கள், வேர் மேலாகவே ஓடுகிறது. கலஹாக்குவுக்காக வெளிச்சம் இருக்கும்போதே கொஞ்சம் கீழே வந்துவிட்டு மறுபடி ஏறினாலும் தப்பில்லை, நான் அப்படித்தான் செய்தேன்.

செராஸ் நர்ஸ்:

வேன்காரர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் பாட்டி விஷயத்தைத் தொடவில்லையே! 3,000 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. இரண்டு மணி நேரத்தில் அங்கே போய்விடுகிறீர்கள், உடம்பு பழகிக்கொள்ள நேரமே இல்லை. தலைவலி, மூச்சு வாங்குவது வயசு பார்த்து வருவதில்லை. போகும் முன் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், முக்கியமாக இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ இருந்தால். 2,100 மீட்டரில் பூங்கா அலுவலகம் இருக்கிறது. அங்கே அரை மணி உட்காருங்கள், கழிப்பறையும் உண்டு. உச்சியில் மெதுவாக நடக்கட்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே கீழே இறங்குங்கள், அதுதான் மருந்து. உச்சியில் கண்ணாடி அடைப்பு வைத்த கூடம் ஒன்று உண்டு, காற்றுக்கு ஒதுங்க நல்ல இடம்.

குளிர் சாதாரணக் குளிர் இல்லை. டிசம்பரில் உறைநிலைக்கும் போகலாம். கெந்திங் ஜாக்கெட் போதாது. மகள் ஸ்கூபா டைவிங் போவாளானால் அதற்கும் மலைக்கும் நடுவில் 24 மணி நேரம் விட்டாக வேண்டும்.

பண்டோங் பிரியன்:

இவ்வளவு தொல்லை எதற்கு? இந்தோனேசியாவின் பண்டோங் போங்கள்! அங்கே தங்குபான் பெராகு எரிமலை, 2,084 மீட்டர், கார் பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் போகும். டீச்சர் கேட்ட புகை, கந்தகம் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அமெரிக்க விசா வேண்டாம், வரும்போது துணிக்கடை வேறு. 2019 ஜூலையில் சாம்பல் கக்கியதால் கொஞ்ச காலம் மூடினார்கள், அதனால் போகும் முன் நிலவரம் பாருங்கள்.

செந்தூல் டீச்சர்:

பண்டோங் தம்பி, மகள் டிக்கெட் போட்டாயிற்று, இனி அவளிடம் நீங்கள்தான் பேச வேண்டும். சாயங்காலம் என்பதற்கு அவளும் இறங்கி வந்துவிட்டாள், மாமியாரை முன்னால் நிறுத்தித்தான் பேசினேன். வேன்காரர் அண்ணே, நம்ம லைசென்ஸ் அங்கே செல்லுமா?

பினாங்கு வேன்காரன்:

நம்முடையது மலாயில் இருப்பதால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனைத்துலக ஓட்டுநர் உரிமம் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அசலும் கையில் இருக்கட்டும். கிரெடிட் கார்டு ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும், மகள் கார்டை நீட்டினால் கவுண்டரில் தகராறு வரும். அப்புறம், மலைக்கு முதல் நாளே போகாதீர்கள். ஒரு நாள் கஹுலுயி பக்கம் வலப்பக்கம் ஓட்டிப் பழகட்டும், முக்கியமாக இடப்புறம் திரும்பும் சந்திப்புகளில். நமக்குக் கை தானாகவே பழைய பக்கம் போகும் இடம் அதுதான்.